நாலாவது ஆளுக்கு இரண்டு சாண்

திருகோணமலையில் ஆளில்லாத அறை என்று ஒன்று கிடையவே கிடையாது என்று நம்பிய ஒரே மனிதர் ஆளிருக்கோ மேசன்தான். கோழிக்கூட்டின் கதவைக்கூடத் தட்டி, உத்தரவு கேட்டு, அதற்குப் பிறகே முட்டை எடுத்த மனிதர் இலங்கைத் தீவில் வேறு ஒருவர் இருந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ஒழுங்கை வீடுகளில் ஒருவருக்கும் தெரியாது. கல்லும் சுண்ணாம்பும் வைத்து வேலை செய்பவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. புருவத்திலும் காது மயிரிலும் எப்போதும் சுண்ணாம்பு படிந்திருக்கும். தூரத்தில் வரும்போது முகம் முன்னால் வந்து உடம்பு பின்னால் வருவது போலத் தோன்றும். பூட்டிக் கிடக்கும் வீடு, அன்றைக்குக் கட்டி முடித்த தண்ணீர்த் தொட்டி, கதவே வைக்காத வாசல், எதுவானாலும் அவருக்கு ஒரே முறைதான். விரல் முட்டியால் மூன்று தட்டு. "ஆளிருக்கோ?" என்று ஒரு கேள்வி. பிறகு மூன்று மூச்சு விடும் நேரம் அசையாமல் நிற்பது. கதவில்லாத வாசலில் காற்றைத் தட்ட முடியாது என்பதால் நிலையைத் தட்டுவார்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பென்ஷன் எடுத்த போஸ்ட்மாஸ்டர். அவர் ஒருமுறை ஏலத்தில் பழைய அலுமாரி ஒன்றை எடுத்தார். தூக்கப் போன நாலு பேரில் மேசனும் ஒருவர். அலுமாரியைத் தட்டினார், கேட்டார், மூன்று மூச்சு நின்றார். பிறகு, "இருக்கு. சரிக்கக் கூடாது, நிமித்தித்தான் கொண்டு போகவேணும். சரிச்சா உள்ளுக்கு இருக்கிறவர் விழுந்து போவார்" என்றார். போஸ்ட்மாஸ்டர் சிரித்த சிரிப்பில் அவருடைய கட்டுப்பல் கழன்றது. ஆனாலும் மேசன் தன் மூலையை விடவில்லை. அரை மைல் தூரம் தெரு வழியே அலுமாரி நின்றபடியே ஊர்வலம் வந்தது. எதிரில் வந்த இரண்டு பேர் சாமி என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார்கள். வீட்டில் இறக்கித் திறந்தபோது கீழ்த்தட்டில் ஒரு பூனை, கண் திறக்காத மூன்று குட்டிகளோடு படுத்திருந்தது.

போஸ்ட்மாஸ்டர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. மேசன் குனிந்து பூனையைப் பார்த்தார். "இது இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்படிப்பட்ட ஒருவரை என் வீட்டு வளவுக்குள் கூப்பிட்டது ஜப்பான்காரனோடு நடக்கும் இந்தப் போர்தான்.

நான் துறைமுகப் பண்டகசாலை ஒன்றில் கணக்கெழுதும் கிளாக்கர். வீட்டில் மூன்று பேர். நான், மனைவி, மகள் பூரணம். பூரணத்துக்குப் பதின்மூன்று நடந்துகொண்டிருந்தது. பெரியபிள்ளையாகி ஐந்து மாதம். அந்த நேரம் பார்த்து எங்கள் வளவுக்குப் பின்னால் இருந்த மேட்டில் விமானத்தைச் சுடும் பீரங்கி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் காவல்காரன். காவல்காரன் கழுத்தில் தூரக்கண்ணாடி. தூரக்கண்ணாடிக்கு நேர் கீழே எங்கள் கிணற்றடி.

தென்னோலைக் கிடுகு வேலி பக்கத்து வீட்டுப் பார்வைக்குப் போதும். மேலேயிருந்து இறங்கும் பார்வைக்கு அது என்ன செய்யும்? மனைவி இரண்டு நாள் படுக்கைச் சீலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் அவளுக்குத் தோள் தூக்க முடியவில்லை. பூரணம் குளிக்க மாட்டேன் என்று சொல்லி அறைக்குள் இருந்துவிட்டாள்.

கந்தளாயில் என் தங்கை இருக்கிறாள். பிள்ளையை அங்கே அனுப்பியிருக்கலாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் அனுப்பினார்கள். ஆனால் கந்தளாயில் மலேரியாக் காய்ச்சல். தங்கையின் பிள்ளைகள் இருவரும் கொயினா மருந்து குடித்துக் காது அடைத்துப்போய், கூப்பிட்டால் வேறு பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குண்டு வருமோ வராதோ, காய்ச்சல் வந்தே தீரும் என்று நான் கணக்குப் போட்டேன். ஒரு குளியலறை கட்டிவிட்டால் பிள்ளை நம்மோடு இருக்கலாம் என்று மனைவியிடம் சொன்னேன். உண்மையில் ஊரைவிட்டுப் போகாமலிருக்க நான் தேடிப் பிடித்த காரணம் அது.

வளவின் மூலையில் விறகு போடும் சிறு கட்டடம் ஒன்று இருந்தது. யாரோ எந்தக் காலத்திலோ பவளக்கல்லால் கட்டியது. எட்டடி நீளம், ஐந்தடி அகலம். கல்லால் கட்டிய அறை என்பதால் வீட்டில் நாங்கள் அதைக் கல்லறை என்று சொல்லிப் பழகியிருந்தோம். "கல்லறைக்குள்ள போய் ரெண்டு கொள்ளி எடுத்துக்கொண்டு வா" என்று மனைவி சொல்வாள், பிள்ளையும் எடுத்துக்கொண்டு வருவாள். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பது அப்போது எங்கள் ஒருவர் காதிலும் விழுந்ததில்லை.

மூன்றடியை விறகுக்கு விட்டு மற்ற ஐந்தடியில் குளியலறை என்று நான் திட்டம் போட்டேன். பண்டகசாலையில் கட்டம் போட்ட தாள் நிறைய இருந்தது. ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி என்று மூன்று தாள் வரைந்தேன். சுவர் முழுக்க நீளமான தண்ணீர்த் தொட்டி. வெளிச்சுவரில் ஒரு கல் வாய். கிணற்றிலிருந்து வாளியால் அதில் ஊற்றினால் தண்ணீர் துவாரத்தின் வழியாக உள்ளே தொட்டிக்கு வந்துவிடும். கதவு வெளிப்பக்கம் திறக்கும், உள்ளே இடத்தை அடைக்காது. துரைமார் பங்களாவில் இருப்பது போலக் கக்கூசையும் அதற்குள்ளேயே வைத்துவிடலாம் என்று ஒரு தாளில் வரைந்திருந்தேன். மனைவி அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்துக் குசினி அடுப்பில் வைத்தாள். விவாதம் அதோடு முடிந்தது.

மிச்சம் இரண்டு தாளையும் மேசனிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"தாளில ஆர் ஐயா குளிக்கிறது?" என்று கேட்டார்.

முற்றத்தில் சுண்ணாம்புத் தூளால் ஐந்தடிக்கு ஐந்தடி கோடு போட்டார். வாசல் வரும் இடத்தில் கோட்டை விட்டார். பிறகு என்னை அதற்குள் போகச் சொல்லி, "குளியுங்கோ" என்றார்.

நான் வேலைக்குப் புறப்பட்டு நின்றேன். வெள்ளைக் கோட்டு, கழுத்துப் பட்டி, காலில் சப்பாத்து எல்லாம் போட்டிருந்தேன். பரவாயில்லை, முழங்கை எங்கே இடிக்கிறது என்றுதான் பார்க்கவேணும் என்றார். ஒரு வெறும் தகரப் பேணியைக் கையில் தந்தார். நான் சுண்ணாம்புக் கோட்டுக்குள் குந்தியிருந்து, இல்லாத தொட்டியில் இல்லாத தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றினேன். முதுகு தேய்க்கச் சொன்னார், தேய்த்தேன். கால் கழுவச் சொன்னார், கழுவினேன். காதுக்குள் தண்ணீர் போனால் தலையைச் சரிக்க மாட்டீர்களா என்று கேட்டார், சரித்தேன். அவர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, நான் கை வீசிய இடமெல்லாம் கைச்சாணால் அளந்தார்.

வேலிக்கு மேலால் போஸ்ட்மாஸ்டரின் தலை தெரிந்தது.

"என்ன கிளாக்கர் ஐயா, தண்ணி சுடுதோ?"

"இல்லை, அளவு பாக்கிறம்" என்றேன்.

"பாருங்கோ, பாருங்கோ. சவுக்காரம் கண்ணுக்குள்ள போகாமல் பாருங்கோ."

அதைக்கூடத் தாங்கலாம். மேட்டில் காவல்காரன் தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். மறுநாள் பண்டகசாலையில் எங்கள் துரை என்னைத் தனியே அழைத்துக் கதிரையில் இருக்கச் சொல்லி, வீட்டில் ஏதும் கஷ்டமா, நாலு நாள் லீவு வேண்டுமா என்று மிகவும் அன்பாக விசாரித்தார்.

அளவெல்லாம் எடுத்து முடித்த பிறகு மேசன் கேட்டார்: "எத்தனை பேர் குளிக்கிறது?"

"மூண்டு பேர்."

அவர் எழும்பிக் கல்லறையடிக்குப் போனார். தட்டினார். "ஆளிருக்கோ?" மூன்று மூச்சு. நல்ல வெயில். கிணற்றடி வாழையில் ஓர் இலைகூட அசையவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்து, "நாலு" என்றார்.

சுவர் முழுக்க நான் போட்டிருந்த தொட்டியைப் பாதிக்கு மேல் குறைத்தார். குறைத்த இடத்தில், மூலையில், மூன்றடி நீளத்துக்கு, ஆள் இருக்கிறதுக்கு ஒரு கல் வாங்கு வரும் என்றார். சுவரோடு சேர்த்துப் போடுகிற வாங்கு, இரண்டு சாண் அகலம், இரண்டு சாண் உயரம்.

"ஆருக்கு வாங்கு?"

"நாலாவது ஆளுக்கு. நிக்க வைக்க ஏலாதுதானே ஐயா."

நான் படித்தவன். எனக்குக் கோபம் வந்தது. ஐந்தடி அறையில் இரண்டு சாண் என்பது எவ்வளவு பெரிய இடம் என்பதை அரை மணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, வேறு மேசன் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சுண்ணாம்புச் சட்டியை எடுத்தார். வேறு மேசன்மார் எல்லோரும் படைக்காரருக்குக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாங்கு என் வீட்டுக்குள் வந்த வழி அதுதான். பழைய இறங்குதுறைப் படிக்கல் ஒன்றை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து போட்டார். நாலு பேர் தூக்கிய கல். இரண்டு பக்கமும் கட்டி, கல்லின் பின் விளிம்பைச் சுவருக்குள் ஒரு சாண் புதைத்தார். அதன் கீழ் வெறும் பொந்து.

அந்த வாங்கில் உடுப்பு வைக்கக்கூடாது என்றார். சவுக்காரம் வைக்கக்கூடாது. ஒருவரும் இருக்கவும் கூடாது.

"அப்ப அவர் எந்த நேரமும் இருப்பாரோ? பிள்ளை குளிக்கேக்கையும்?" என்று மனைவி கேட்டாள். என் மனைவி பயப்படுகிறவள் அல்ல. பயப்படுவதற்கு வீட்டில் நான் ஒருவன் போதும் என்பது அவள் கொள்கை.

"பிள்ளை குளிக்கேக்கை அவர் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டிருப்பார் அம்மா. மரியாதையான ஆள்" என்றார் மேசன்.

மனைவி உள்ளே போய்ப் பால் விடாத பிளேன்ரீயும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவள் பிளேன்ரீ வைத்தால் எதிரில் இருப்பவர் உண்மை சொல்லாமல் எழும்ப முடியாது. நான் இருபது வருட அனுபவத்தில் சொல்கிறேன். மேசன் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

அவர் வாலிபனாக இருந்தபோது துறைமுகக் கரையில் பழைய கிட்டங்கி ஒன்றை இடிக்கப் பத்துப் பேர் போனார்களாம். சாமான் இல்லாத வெறும் கிட்டங்கி. கூரையைக் கழற்றிவிட்டு, சுவரைத் தள்ளும் வேலை இவருடையது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளினார். கல்லை அள்ளும்போது கீழே ஒரு மனிதன். நிழலுக்கு வந்து படுத்த கூலிக்காரன். எந்த ஊர், என்ன பெயர், ஒருவருக்கும் தெரியவில்லை. தேடிக்கொண்டும் ஒருவரும் வரவில்லை. புதைத்த இடத்தில் பலகையில் எழுதுவதற்குக்கூடப் பெயர் இல்லாமல், ஆள் என்றே எல்லோரும் சொல்லிக்கொண்டார்களாம்.

"உள்ளுக்கு ஆளில்லை எண்டு ஆர் சொன்னது எண்டு பிறகு விசாரிச்சவை. ஒருத்தரும் சொல்லேல்லை, அம்மா. ஒருத்தரும் கேக்கவுமில்லை. கேட்டிருந்தா, இருக்கிறன் எண்டு சொல்லியிருப்பான்."

பிளேன்ரீயைக் குடித்து முடித்தார். "அண்டையிலிருந்து என்னோடதான். நான் எங்க வேலைக்குப் போனாலும் எனக்கு முதல் உள்ளுக்குப் போயிடுவான். நான் கேப்பன். அவன் சொல்லுவான். அவ்வளவுதான்."

நான் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். கல்லறைப் பக்கம் என்னையறியாமல் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

வேலை முடிந்தது. ஒரு குறைதான். கதவுக்குக் கொண்டி இல்லை. அந்த நாட்களில் கடைகளில் இரும்புச் சாமான் எதுவும் கிடைக்காது. அதற்கு மேசன் ஒரு வழி வைத்தார். கதவுக்கு மேல் உடம்பு துடைக்கிற துவாயைப் போட்டால் உள்ளே ஆள் என்று அர்த்தம். வெளியே வருகிறவர் மூன்று முறை தட்டி "ஆளிருக்கோ?" என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் உடனே "ஆள் இருக்கு" என்று சொல்ல வேண்டும். வேறு ஒரு சொல்லும் கூடாது.

"பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது பிள்ளை" என்று பூரணத்துக்குப் பாடம் நடத்தினார். "குளிக்கிற இடத்தில நிக்கிற பொம்பிளைப்பிள்ளையை ஆராவது பேர் சொல்லிக் கூப்பிட்டா வாய் திறக்காதை. அப்பா கூப்பிட்டாலும் திறக்காதை. ஆளிருக்கோ எண்டு கேட்டா மட்டும் சொல்லு. ஆள் எண்டா ஆருக்கும் வெக்கமில்லை."

அவள் உள்ளே நின்றாள், அவர் வெளியே நின்று தட்டினார். அவள் சிரித்துக்கொண்டு சொன்னால் திரும்பவும் தட்டுவார். ஒரு மணி நேரம் இந்தப் பயிற்சி நடந்தது. கடைசியில், குசினியில் மனைவி மீன் வெட்டும் பலகையைத் தட்டினாலும் பூரணம் "ஆள் இருக்கு" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். போஸ்ட்மாஸ்டர் வேலிக்கு மேலால், எங்கள் வீட்டில் கிளி வாங்கியிருக்கிறோமா என்று கேட்டார்.

ஆனால் அந்தப் பயிற்சியில் ஒரு விஷயம் நடந்தது. நான் அப்போது பொருட்படுத்தவில்லை. பூரணம் வெளியே வந்து கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மேசன் சுண்ணாம்புச் சட்டியை எடுக்கப் போகும்போது பழக்கத்தில் கதவைத் தட்டிக் கேட்டார். மூன்று மூச்சு நின்றார். பிறகு யாருக்கோ விடை சொல்வது போல, "சரி, நீ இரு. நான் போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை பூரணம் நிம்மதியாகக் குளித்தாள். நானும் நிம்மதியாக இருந்தேன் என்று எழுத ஆசைதான். கொழும்பில் குண்டு விழுந்த செய்தி வந்தபோது என் கணக்கெல்லாம் பிழையாகிவிட்டது. காய்ச்சலோ கொயினாவோ, பிள்ளையைக் கந்தளாய்க்குக் கொண்டுபோய் விடுவது என்று தீர்மானித்தேன். லொறி ஒன்றில் இடம் கேட்டு, கிடைக்க நாலு நாள் ஆனது. சித்திரை வருடப்பிறப்புக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

அன்று காலை ஏழு மணிக்கு மனைவி அரிசிக்கு வரிசையில் நிற்கப் போயிருந்தாள். நான் வாசற்படியில் இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "கெதியாக் குளிச்சிட்டு வா பிள்ளை, லொறி வந்திடும்" என்று பூரணத்தை அனுப்பியவன் நான்தான். கல்லறைக் கதவுக்கு மேல் அவள் துவாயைப் போட்டதைப் பார்த்தேன். நீலக் கரை போட்ட துவாய்.

ஒரு சப்பாத்துப் போட்டு மற்றச் சப்பாத்தைக் கையில் எடுத்தபோது அபாயச் சங்கு ஊதியது. அது ஊதி முடிய முன்னமே வானம் முழுக்க இரைச்சல்.

அதற்குப் பிறகு நடந்தவற்றின் ஒழுங்கு இன்று வரை எனக்குச் சரியாக வராது. முதலில் மேட்டுப் பீரங்கி சுட்டது. பிறகு எண்ணெய்த் தாங்கிகள் பக்கம் பெரிய சத்தம். பிறகு எங்கள் ஒழுங்கையில் விழுந்தது. ஆனால் அந்தச் சத்தத்தை நான் கேட்கவே இல்லை. படுத்திருந்தேன், வாய்க்குள் ஓட்டுத் தூள், எல்லாம் வெள்ளையாக இருந்தது. எழும்பிப் பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. வளவின் மூலையில் கல்லறையும் இல்லை. பவளக்கல் குவியல் ஒன்று இருந்தது. குவியலில் சாய்ந்தபடி கதவு. கதவில் துவாய் அப்படியே தொங்கியது.

நான் ஓடிப்போய் "பூரணம், பூரணம்" என்று கத்தினேன். தகரத் தொப்பி போட்ட இரண்டு தொண்டர்கள் வேலியைப் பாய்ந்து வந்தார்கள். போஸ்ட்மாஸ்டரும் வந்தார். பிள்ளையின் பெயர் என்ன என்று என்னிடம் கேட்டு, அவர்களும் சேர்ந்து கூப்பிட்டார்கள். நாலு ஆண்கள் குவியலைச் சுற்றி நின்று அவள் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம். ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு தொண்டர் என் தோளில் கை வைத்தார். அடுத்த ஒழுங்கையில் ஆட்கள் கத்துகிறார்கள், கத்துகிறவர்களை முதலில் எடுக்க வேண்டும், பிறகு வருகிறோம் என்றார். அவர் சொன்னது நியாயம். அவர்கள் போனார்கள். போஸ்ட்மாஸ்டர் கிணற்றுக் கட்டில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் குவியலின் மேல் ஏறப் போனேன்.

"இறங்குங்கோ ஐயா. மிதியாதையுங்கோ."

ஒழுங்கையால் ஆளிருக்கோ மேசன் வந்துகொண்டிருந்தார். தலையிலிருந்து கால் வரை வெள்ளை. அன்றைக்கு நாங்கள் எல்லோருமே அப்படித்தான் இருந்தோம். அவர் ஓடவில்லை. ஒவ்வொரு வாசலாகத் தட்டிக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எங்கள் வேலிப் படலை இருந்த இடத்தில் படலை இல்லை. கட்டையைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார். சாய்ந்து கிடந்த கதவுக்குப் பக்கத்தில் குந்தினார். விரல் முட்டியால் மூன்று தட்டு.

"ஆளிருக்கோ?"

முதல் மூச்சு. வானத்தில் இன்னும் இரைச்சல் இருந்தது. இரண்டாம் மூச்சு. கற்களுக்கிடையில் எங்கோ தண்ணீர் சொட்டியது, தொட்டி உடைந்திருக்க வேண்டும். மூன்றாம் மூச்சு முடியும் நேரம்,

"ஆள் இருக்கு."

நான் கேட்டேன். போஸ்ட்மாஸ்டரும் கேட்டார், முகத்திலிருந்து கையை எடுத்தார். மெல்லிய குரல். நித்திரையிலிருந்து எழுப்பினால் வருமே, அப்படி ஒரு குரல். ஆண் குரலா பெண் குரலா என்று யாராவது கேட்டால் என்னால் சத்தியம் பண்ண முடியாது.

மேசன் "சரி" என்றார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து, கல் இடுக்கு வழியாக உள்ளே தள்ளினார். "பிள்ளை, இதைச் சுத்திக்கொள்" என்றார். எங்களைப் பார்த்து, மற்றப் பக்கம் திரும்புங்கள் என்றார். பிறகு எந்தக் கல்லை முதலில் எடுப்பது, எதைத் தொடவே கூடாது என்று அவர் சொல்லச் சொல்ல, முதுகைக் காட்டி நின்ற நாங்கள் பின்னால் கை நீட்டிக் கல்லை வாங்கி வாங்கிப் போட்டோம். வேறு சமயமாக இருந்தால் அதைப் பார்த்து நானே சிரித்திருப்பேன்.

பூரணம் கல் வாங்குக்குக் கீழே இருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, அந்த இரண்டு சாண் பொந்துக்குள் முழுக்க அடங்கியிருந்தாள். கூரை மரமும் பாதிச் சுவரும் வாங்கின் மேல் கிடந்தன. இறங்குதுறைக் கல் கீறக்கூட இல்லை. அவளுக்கு நெற்றியில் ஒரு காயம், காலில் சிராய்ப்பு. மேசன் அவளைத் தூக்கிக் கிணற்றுக் கட்டில் இருத்தினார். குவியலைத் திரும்பிப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டினார். பிறகு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்துக்கு, தூரத் தூரப் போய்க்கொண்டிருந்த அந்தத் தட்டுதலும் கேள்வியும் எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தன. நான் அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. காலில் ஒரு சப்பாத்தோடு நின்றேன்.

அன்று பின்னேரம் மாட்டு வண்டியில் கந்தளாய்க்குப் போகும் வழியில் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "அப்பா கூப்பிட்ட நேரம் ஏன் பிள்ளை பேசாமல் இருந்தனீ?"

"உடுப்பெல்லாம் போயிட்டுது அம்மா. வேறை ஆம்பிளையளும் நிண்டவை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாய் திறக்க வேண்டாம் எண்டு மேசனார் சொன்னவர்தானே."

வெட்கத்தில் என் பிள்ளை செத்திருப்பாள். அவள் பெயரை ஊர் கேட்கக் கத்தி அவள் வாயை அடைத்தவன் நான்.

"நல்ல காலம், அவர் கேட்டவுடனே சொன்னியே" என்றேன்.

பூரணம் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லேல்லை அப்பா. அந்த நேரம் வாய் முழுக்க மண். சொல்லத்தான் பாத்தனான், சத்தம் வரேல்லை. வேறை ஆரோ சொன்னது. எனக்கும் கேட்டது. கிட்டத்தான், எனக்கு மேல, வாங்கிலயிருந்து."

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். மனைவி பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

நான் படித்தவன் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஆகவே இதற்கு ஒரு விளக்கமும் வைத்திருக்கிறேன். பலகையைத் தட்டினாலே பதில் சொல்லப் பழகிய பிள்ளை, அரை மயக்கத்தில் தன்னையறியாமல் சொல்லியிருப்பாள். சொன்னது தன் குரல் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பகலில் இந்த விளக்கம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. யாராவது திடீரென்று கதவைத் தட்டும்போது போதவில்லை.

மேசனும் அந்த வருடம் கந்தளாய்ப் பக்கம் வந்து, ஊர்விட்டு வந்தவர்களுக்குக் குடிசை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். நாங்கள் இருந்த இடத்துக்கு மூன்று மைல் தூரம்தான். இன்றைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று இருந்துவிட்டேன். பனங்கட்டி வாங்கிக்கொண்டு போன நாளில், காய்ச்சலில் இறந்துபோய் ஒரு மாதமாகிவிட்டது என்று சொன்னார்கள். பெயர் என்ன என்று அவர்களிடம் கேட்டேன். ஆளிருக்கோ மேசன் என்றார்கள்.

போர் இன்னும் முடியவில்லை. ஆனாலும் பண்டகசாலை வேலைக்காக ஊருக்குத் திரும்பி எட்டு மாதமாகிறது. வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது. போன கிழமை கல்லறையைத் திரும்பக் கட்ட ஓர் இளம் மேசன் வந்தார். அளவு நாடா, பென்சில், சின்னக் கொப்பி எல்லாம் வைத்திருக்கும் சுறுசுறுப்பான பிள்ளை. இறங்குதுறைக் கல் பழைய இடத்திலேயே கிடக்கிறது. அதை எடுத்துவிட்டால் நல்ல நீளத் தொட்டி ஒன்று கட்டலாம் என்றார். நான் முன்பு அரை மணி நேரம் பேசியதை அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். வேண்டாம், அது இருக்கட்டும் என்றேன்.

"அப்ப எத்தனை பேர் ஐயா பாவிக்கிறது?"

மனைவி என்னைப் பார்த்தாள். கிணற்றடியில் நின்ற பூரணமும் திரும்பிப் பார்த்தாள்.

"அஞ்சு பேர்" என்றேன்.

அவர் எங்கள் மூவரையும் ஒருமுறை எண்ணினார். கொப்பியில் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

"அந்த வாங்கை மட்டும் இன்னும் கொஞ்சம் நீட்டிப் போடும் தம்பி" என்றேன். "ரெண்டு பேர் இருக்கவேணும்."